தைப்பொங்கலும் சைவர் கடனும்

சிவமயம்

தைத் திங்கள் முதல் நாள் ஞாயிறு மகர இராசியிற் புகும் புண்ணிய காலமாகும். அந்நாளிற் புத்தரிசியைப் புதுப்பானையிற் பாலொடு பொங்கிக் கதிரவனுக்குப் படைத்தலும், மறுநாள் ஆனிரைகளைப் போற்றுதலும் தமிழ்நாடெங்கும் நிகழும் வழக்கங்கள். இவ்வழக்கம் பற்றி எழுந்த ஐயங்கள் இரண்டனை எடுத்துக்கொண்டு, சித்தாந்த நெறிநின்று விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயம் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுவாம். யாம் உறைவது கிழக்குத் தாம்பரம். சென்ற பொங்கலுக்கு மறுநாள், அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் எம்பால் வந்தார். அலுவலகம் ஒன்றில் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிபவர். திருநீறு அணியாமல் வெளியே புறப்படாதவர். அவர், “ஐயா, நேற்று எங்கள் வீட்டில் வைத்த பொங்கலின் அரிசி கடையில் வாங்கியது, பால் பையில் வந்தது, பானை எரிவாயு அடுப்பின்மேல் ஏறியது. என் பாட்டனார்க்கு ஏரிக்கீழ் நிலம் இருந்தது. எனக்கு ஒரு குழி நிலமும் இல்லை. அறுவடை இல்லாதவனுக்கு அறுவடை விழா எதற்கு? அன்றியும், சிவபெருமானையே முழுமுதலாகக் கொண்ட நாம் சூரியனை வணங்குதல் தகுமா? என் மகன் இவற்றைக் கேட்கும் வயதிற்கு வந்துவிட்டான். பொருள் அறியாமற் செய்வதைவிட விட்டுவிடுதலே நேர்மை என்று தோன்றுகிறது” என்றார். எள்ளி நகையாடும் பொருட்டு வினவினாரல்லர். மகனுக்கு மெய் சொல்ல வேண்டுமென்றே வினவினார். ஆதலின் இவ்வினாவைப் புறக்கணித்தல் தகாது.

வினா எழுந்த இடத்தின் இயல்பையும் நோக்குவாம். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் செங்கற்பட்டுச் சீமைக்கே உரிய ஏரிப்பாசன ஊர்கள். சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை என்னும் ஊர்கள் யாவும் தத்தமக்கென ஏரியுடையன. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இவற்றிற்கு உயிர். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்த நீர் அடுத்த ஏரியிற் சேரும். கீழ்த்திசை ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் அடங்கும். ஆடி ஆவணியில் விதைத்த சம்பா நெல் அம்மழையில் தழைத்துத் தையில் அறுப்புக்கு வரும். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின் நகரத்திற் பணிபுரிவோர் இங்கே குடியேறக் குடியேற, வயல்கள் மனைகளாயின. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம் முதலியன ஒருங்கு சேர்ந்து மாநகராட்சியும் ஆயிற்று. ஆகவே இளைஞர் கூறியது அவர் ஒருவரது நிலையன்று. இப்பகுதியில் வாழ்வார் மிகப் பலரது நிலையும் அதுவே.

இனி, பின்னர் வினவிய ஐயத்திற்கு முன்னர் விடை கூறுவாம். ஞாயிற்றை வணங்குதல் சைவர்க்கு ஆகுமோ எனின், ஆகும் என்க. என்னை? நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவனுக்குத் திருமேனிகள் என்பது சைவ நூல்களின் துணிபு. இதனையே அட்டமூர்த்தம் என்ப. சிவபூசை விதி கூறும் பத்ததிகளும் சூரிய பூசையை முன்வைத்தே சிவபூசையைத் தொடங்குகின்றன. ஆண்டு வழிபடப்படுபவர் ஞாயிற்று மண்டலத்தினுள் எழுந்தருளிய சிவசூரியர். ஆதலின் முற்றத்திற் கோலமிட்டுக் கதிரவனை நோக்கிப் பானையை இறக்கும் மூதாட்டி, பூசை அறையுள் இருந்து சிவசூரியரை அருச்சிக்கும் ஆசாரியர் செய்வதனையே தன்னளவிற் செய்கின்றாள். மந்திரம் அறியாமை அவள்பாற் குறையன்று.

அற்றேல், ஞாயிறும் பசுவருக்கத்துள் ஒன்றன்றோ, பிறவியுடைய ஒரு தேவனை வணங்கியதாக முடியாதோ எனின், முடியாது. எத்தெய்வத்தை முன்னிட்டு வழிபடினும் அவ்வழிபாட்டினை ஏற்று, அத்தெய்வத்தின் உள்நின்று பயன் தருபவன் சிவபெருமான் ஒருவனே எனச் சிவஞான சித்தியார் தெளிவித்தது. ஒரு ஞாயிற்றின் முன்னிலையிலேயே முற்றிய கதிர் சாய்கின்றது, பசும்பயிர் பால்பிடிக்கின்றது, அறுத்த வைக்கோல் உலர்கின்றது. ஞாயிறோ எவ்விகாரமும் அடைவதில்லை. இறைவன் ஐந்தொழில் செய்தும் விகாரப்படாமை இதுபோலும் என்று ஆசிரியர்கள் ஞாயிற்றை உவமை காட்டுவது வழக்கம். எனவே பொங்கல் நாளின் ஞாயிறு நமக்குப் பிற தெய்வமன்று. பதியிலக்கணத்தை வானத்தே நின்று விளக்கும் திருமேனியாம்.

இனி, மாட்டுப்பொங்கலைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். தாம்பரத்திற்குக் கிழக்கே, சேலையூர் வழியாகச் சென்று அடைதற்குரியது மாடம்பாக்கம். ஆண்டுச் சோழர் காலத்துத் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் தேனுபுரீசர் என்பது திருநாமம். அம்மைக்குத் தேனுகாம்பாள் என்பது பெயர். தேனு என்பது பசு. கபில முனிவர் இலிங்கத்தை இடக்கையில் ஏந்திப் பூசித்த பிழையாற் பசுவாகப் பிறந்தனர் என்றும், அப்பசு மண்ணுள் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் நாள்தோறும் தானே பால் சொரிந்து வழிபட்டு வீடுபெற்றது என்றும் தலவரலாறு கூறும். அதன் குளம்பு பட்ட வடு இலிங்கத் திருமேனியில் உள்ளதென்பர். மூலத்தானம் தூங்கானை மாடமாய் அமைந்தது. அருணகிரிநாதர் இத்தலத்து முருகவேளைத் திருப்புகழிற் பாடியுள்ளார்.

பசு என்னும் சொல் ஆவையும் உணர்த்தும். பாசத்தாற் கட்டுண்ட உயிரையும் உணர்த்தும். மாட்டுப்பொங்கலன்று உழவர் எருதுகளைக் குளிப்பாட்டிக் கொம்பிற்கு வண்ணம் தீட்டிப் பழங்கயிற்றைக் கழித்துப் புதுக்கயிறு பூட்டுவர். பழங்கயிறு கழிந்தமையால் எருது விடுதலை பெற்றதோ எனின், இல்லை, புதுக்கயிற்றிற் கட்டுண்டது. உயிரும் அத்தன்மையதே. ஓருடம்பு கழிந்து மற்றோருடம்பு பூண்டமையாற் கட்டு நீங்கியதாகாது. கட்டியவனே அவிழ்த்தல் வேண்டும். அதுவரை அக்கயிறுதானும் கொடுமையன்று. எருதைப் பயிர் மேயாது காத்து உழவிற் பழக்குவது அதுவே. மாயையும் கன்மமும் ஆணவமலம் பக்குவப்படுதற்குத் துணையாய் நிற்றல் இவ்வாறென உணர்க. மாடம்பாக்கத்துப் பசு தன் பாலைத் தனக்கென வையாது இறைவன்மேற் சொரிந்தமையாற் கட்டு நீங்கிற்று. மாட்டுப்பொங்கலின் பொருள் அச்சந்நிதியில் விளங்கும்.

இனிப் பானையிலுள்ள அரிசியை நோக்குவாம். நெல்லின்கண் முளையும் தவிடும் உமியும் அந்நெல் தோன்றிய அன்றே உடன் உள்ளன. இடையில் வந்து ஒட்டியன அல்ல. அதுபோல மும்மலமும் உயிரோடு அநாதியே உள்ளன என்பது சித்தாந்த நூல்களின் உவமை. உமி நீங்கிய அரிசியை எத்துணை நன்னிலத்தில் இட்டாலும் முளையாது. மலம் நீங்கிய உயிரும் மீளப் பிறவாது. நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, உலர்த்தி, குற்றிய பின்னரே அரிசி பானைக்குத் தகுதியாகின்றது. சரியை முதலிய நாற்பாதங்களால் உயிர் பக்குவமுறுதலை இதனோடு பொருத்திக் காண்க. இறைவனுக்கு நாம் நிவேதிக்கும் சோறு, நாம் எந்நிலை எய்தி அவன் திருமுன் நிற்றல் வேண்டும் என்பதனை நமக்கே உணர்த்தி நிற்கின்றது.

இவ்வளவானும் பொங்கலின் பொருள் சைவத்திற்கு அயலன்று என்பது பெறப்பட்டது. இதனை அருளாளர் வாக்கும் வலியுறுத்தும். தாம்பரத்திலிருந்து வடக்கே செல்வார் அடைதற்கு எளிதாயது திருமயிலை. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பு நிறைந்த குடத்தை முன்வைத்துத் திருஞானசம்பந்த சுவாமிகள் ஆண்டு ஒரு திருப்பதிகம் அருளினார். அத்திருப்பதிகத்தில் அடியார்களை அமுது செய்வித்தல் முதற்கண் வைக்கப்பட்டது. அதன்பின் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்கள் திங்கள் முறையே வருகின்றன. இவற்றைக் காணாமலே போவாயோ என்பது ஒவ்வொரு பாட்டின் வினா. தைப்பூசத்தைக் கூறுமிடத்து மகளிர் நெய் கலந்த சோற்றால் அவ்விழாவைக் கொண்டாடுதல் பேசப்படுகின்றது. அது நெல் வீட்டிற்கு வரும் திங்களன்றோ! இறந்த உயிரை மீட்டழைக்க அப்பெருமான் எடுத்த மொழி விழாக்களின் பெயராயிருந்தது என்பதனை அன்பர்கள் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். விழா என்பது பொழுதுபோக்காயின் அவ்விடத்து அதற்கு இடம் உண்டோ?

ஐப்பசி நிறைமதி நாளிற் சிவாலயங்களில் நிகழும் அன்னாபிடேகமும் ஈண்டு நினைக்கத்தக்கது. அக்காலத்து வயலிற் சம்பாப் பயிர் பசுமையாய் நிற்கும். சென்ற தையில் வந்த நெல் குதிரின் அடியிற் சென்றிருக்கும். ஒருபோகமே விளையும் ஏரிப்பாசன ஊரில், இருப்புக் குறைந்த அத்திங்களிலே இறைவன் திருமேனி முழுதும் சோறு சாத்தி, அதனை எல்லார்க்கும் பகிர்ந்தளிக்கும் வழக்கம் உள்ளதாயின், நிறைந்தபோது கொடுப்பது மட்டும் வழிபாடன்று என்பது பெறப்படும்.

இனி, இளைஞரது முதல் ஐயத்திற்கு வருவாம். நிலமில்லார்க்கு அறுவடை விழா எற்றுக்கு? இதற்கு விடை கூறற்குரியார் ஒருவர், தாம்பரத்திற்கு அணித்தாகவே பிறந்தார். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் சென்றால் அடையும் குன்றத்தூரே சேக்கிழார் பெருமான் திருவவதாரம் செய்த ஊர். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் வேளாளர் குடியிற் பிறந்து, 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு அமைச்சராய் விளங்கியவர் அவர். சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் வைத்த அன்பினால் தம்மூரிலும் ஒரு திருநாகேச்சரம் அமைத்தனர். அவர்தம் இளவல் பாலறாவாயர் பெயரால் அங்கே ஒரு திருக்குளமும் உண்டு. உழவின் இயல்பை உடனிருந்து அறிந்த அப்பெருமான், திருநாட்டுச் சிறப்பில் நாற்று நடுதல் முதல் நெல்லைக் குவித்தல் ஈறாக வயல்வினை அனைத்தும் பாடினார்.

அவர் பாடிய அடியார்களுள் அரிவாட்டாய நாயனார் வரலாறு நம் வினாவிற்கு நேர்விடையாகும். கணமங்கலத்துத் தாயனார் பெருநிலமுடைய வேளாளர். செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாள்தோறும் இறைவனுக்கு அமுது செய்விப்பது அவர் கொண்ட நியமம். செல்வம் முழுதும் அழிந்தது; நிலமும் போயிற்று. நியமத்தை விட்டாரோ எனின், விட்டிலர். பிறர் வயலிற் கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கும், கார்நெல்லைத் தமக்கும் ஆக்கினார். பின்னர்ச் செந்நெல்லே கூலியாய் வர, அதனை முழுதும் இறைவனுக்கே ஆக்கிக் கீரையுண்டும், அதுவும் அற்றபின் நீருண்டும் இருந்தார். ஒருநாள் அமுது சுமந்து சென்ற நாயனார் தளர்ந்து இடற, அமுது வயல்வெடிப்பிற் சிந்தியது. அது பொறாது அவர் அரிவாளால் தம் கழுத்தை அரியப் புகுந்தார். அவ்வெடிப்பினின்று மாவடுக் கடிக்கும் ஓசை எழுந்தது. இறைவன் திருக்கை அவர் கையைப் பற்றியது.

இவ்வரலாற்றில் நாம் குறிக்கொள்ள வேண்டுவது ஒன்று. நாயனார் இறைவனுக்கு அளித்த நெல், தாம் உழுத நிலத்தில் விளைந்ததன்று; கூலியாக வந்தது. மாதச் சம்பளமும் கூலியேயன்றோ! நிலமுடைய காலத்து அவர் செய்த தொண்டினும், நிலமிழந்து கூலிக்காரராய்ச் செய்த தொண்டே அவரை நாயன்மார் வரிசையில் நிறுத்திற்று. ஆகவே நிலமின்மை காரணமாக விழாவை விடுதல் பொருந்தாது. தம் வருவாயின் முதற்பகுதியை, அது நெல்லாயினும் பொன்னாயினும், தந்தவன் பொருட்டு எடுத்துவைத்தலே அறுவடை விழாவின் உயிர். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் உயிர்களுக்கு அளித்தவை. உணவு போகத்துள் அடங்கும். ஏற்றுக்கொண்டவன் ஏற்றதை நினைத்தல் கடன். கடையில் வாங்கிய அரிசியும் எங்கோ ஓர் வயலில், யாரோ ஒருவர் கையால் அறுக்கப்பட்டதே. கண்ணிற் காணாமையால் அவ்வயல் இல்லையாகாது, அக்கையும் இல்லையாகாது. அரிவாட்டாயர் குருபூசை தைத் திருவாதிரையில் வருதலும் நம் கருத்திற்கு இயைந்தது. அறுப்புத் திங்களிலே அறுத்தவர் ஒருவரை வணங்குகின்றோம்.

இறைவன் சோறு ஏற்பவன் மட்டுமல்லன், இரந்தூட்டுபவனுமாவான் என்பதற்குத் தாம்பரத்தின் தென்றிசையில் ஒரு தலம் சான்று. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்துள்ளது திருக்கச்சூர். திருக்கழுக்குன்றத்தை வணங்கி ஆண்டு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், உச்சிப்பொழுதிற் பசியால் வருந்தியிருந்தார். பெருமான் ஓர் அந்தணராய் ஓடேந்தி வந்து, அவரை அங்கேயே இருக்கச் செய்து, வெயிலில் வீடுதோறும் இரந்து சோறும் கறியும் கொணர்ந்து ஊட்டினார். இதனையும் குன்றத்தூர்ப் பெருமானே பாடினார். உண்ணும் பிடிச்சோறு யாரால் வருவதென்று ஐயுறுவார் ஒருமுறை திருக்கச்சூர் சென்று தொழுது வருவாராக. மின்சார வண்டியிற் செங்கற்பட்டு வழித்தடத்திற் சென்று அன்றே மீளலாம்.

இனிச் சைவர் கடன் யாதெனக் கூறி முடிப்பாம்.

பொங்கலன்று முதலில் எடுத்த சோற்றைச் சிவநிவேதனமாக்கி, ஓர் அடியார்க்கேனும் பசித்தார் ஒருவர்க்கேனும் அளித்த பின்னரே நாம் உண்ணுதல் வேண்டும். இயன்றவர் தம் ஊர்ச் சிவாலயத்து நித்திய நிவேதனத்திற்குத் தைத் திங்களில் அரிசி அளித்தலை நியமமாகக் கொள்க. மாட்டுப்பொங்கலன்று மாடில்லாதார் பிள்ளைகளை மாடம்பாக்கத்திற்கு அழைத்துச் சென்று, பசு வழிபட்ட வரலாற்றைச் சொல்லுக. தைத் திருவாதிரையில் அரிவாட்டாயர் புராணத்தை வீட்டில் ஓதுக.

இவற்றோடு மற்றொரு கடனும் உண்டு. நீர் இறைவன் திருமேனி எட்டனுள் ஒன்று என்று மேலே கூறினாம். கதிரவனாகிய திருமேனிக்குப் பொங்கலிட்டு, நீராகிய திருமேனியிற் குப்பை கொட்டுதல் எவ்வகை வழிபாடு? இப்பகுதி ஏரிகளின் வரத்துக்கால்கள் தூர்ந்தும், கரைகள் மனையாகியும், நீர் மாசுற்றும் இருத்தலை யாம் நாள்தோறும் காண்கின்றோம். 2015-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளுட் புகுந்ததை மறந்தாரல்லர் நம்மவர். நீர் தனக்குரிய இடத்தை இழந்தால் நம் இடத்திற்கு வரும். நெல் விளைத்த ஏரி இன்று நெல் விளைக்காவிடினும் கிணற்றுக்கு ஊற்றாகவும் வெள்ளத்திற்குத் தாங்கலாகவும் உதவுகின்றது. ஆதலின் தம் ஊர் ஏரியைக் காக்கும் பணியிற் கைகொடுத்தல் சிவத்தொண்டே எனத் துணிக. ஆண்டிற்கு ஒருநாள் கரையிற் சென்று நின்று பார்த்தலேனும் செய்க. பார்ப்பவர் உள்ள ஏரி எளிதில் மறைவதில்லை.

யாம் இவ்வாறெல்லாம் கூறக் கேட்ட இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், “அப்படியானால் என் மகனிடம் என்ன சொல்வது, ஐயா?” என்றார். “உன் தந்தை வாங்கும் சம்பளமும் கூலிநெல்லே, அதில் முதற்பிடி சாமிக்கு என்று சொல்லும், பிறகு அவனை அழைத்துக்கொண்டு சேலையூர் ஏரிக்கரைக்குப் போய், உம் பாட்டனார் நிலம் இருந்த இடத்தைக் காட்டும்” என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருவரும் கரைமேல் நடந்து போவதைக் கண்டோம்.

கொடுத்தவனை மறவாமையே பொங்கல். அம்மறவாமைக்கு வயல் வேண்டுவதில்லை. நெஞ்சம் ஒன்றே வேண்டுவது.

திருச்சிற்றம்பலம்